புதினமா, திரைக்கதையா?

(சேலத்தில் இளம் எழுத்தாளர்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துப்படி)

   

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நானாகத் தேர்ந்ததன்று. சென்ற திங்கள் ஒரு தம்பி எனக்கு மடல் எழுதியிருந்தார். அவருக்கு அகவை இருபத்து நான்கு. தறி நெய்யும் குடும்பம். தம் ஊரைப் பற்றிப் புதினம் ஒன்று எழுதத் தொடங்கி 140 பக்கம் வரை வந்திருக்கிறார். இந்நிலையில், திரைப்படத்துறையில் துணை இயக்குநராக இருக்கும் ஊர்க்காரர் ஒருவர், “புதினத்தை மூட்டை கட்டி வை; சென்னைக்கு வா; திரைக்கதை எழுதலாம்” என்று அழைக்கிறாராம். “ஐயா, நான் போகலாமா? போனால் என் புதினம் என்னாகும்? போகாவிட்டால் நான் என்னாவேன்?” என்று கேட்டிருந்தார். மூன்றே வினாக்கள். மூன்றுக்கும் ஒரு மடலில் விடையெழுத என்னால் இயலவில்லை. ஆகவே, உங்கள் அனைவரையும் சான்றாக வைத்துக்கொண்டு இங்கேயே விடை சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

நம் இயக்கத்தைச் சார்ந்த பெரியவர்கள் சிலர், திரைப்படம் என்றாலே முகஞ்சுளிப்பர். அது மொழியைக் கெடுக்கும் ஆலை, இளைஞரை விழுங்கும் முதலை என்பர். அவர்கள் சினத்தில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. நாம் கூடியிருக்கும் இந்தச் சேலமே அதற்குச் சான்று. ஏற்காட்டுச் சாலையில் போனால் ஒரு முகப்பு வளைவு நிற்கும். 1935-இல் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஆக்கித் தந்த மாடர்ன் தியேட்டர்சு நிறுவனத்தின் வாயில் அது. கலைஞர் மு. கருணாநிதி உரையாடல் எழுதிய ‘மந்திரி குமாரி’ 1950-இல் அங்கிருந்துதான் வந்தது. பாவேந்தர் பாரதிதாசனார் எழுதிய ‘வளையாபதி’ 1952-இல் அங்கிருந்துதான் வந்தது. முதற்படத்தின் கதைக்கு வேர், குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களுள் முழுமையாகக் கிடைக்காமற் போனவை இரண்டு. அந்த இரண்டும் நம் சேலத்தில் படமாயின என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு. ஓலையில் அழிந்தது, திரையில் பெயரளவிலாவது பிழைத்துக்கொண்டது!

அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’யும் ‘நல்லதம்பி’யும் 1949-இல் வந்தன. ‘பராசக்தி’ 1952-இல் வந்தது. எழுத்தறியாத உழவனும் வண்டியோட்டியும் அந்த உரையாடல்களை மனப்பாடமாகச் சொன்னார்கள். நல்ல தமிழைச் செவிவழியே பல இலக்கம் மக்களுக்குக் கொண்டு சென்றது திரை. அந்நாளில் எந்தப் புதினமும் அத்தனை பேர் வீட்டு வாயிலைத் தொட்டதில்லை. ஆகவே, திரைக்கதை எழுதப் போகிறேன் என்னும் தம்பியைப் பார்த்து, “நீ கெட்டாய்” என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அதே ‘பராசக்தி’யில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அது முதலில் மேடை நாடகம். அதை எழுதியவர் பாவலர் பாலசுந்தரம். இங்கே இருப்பவர்களுள் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். நான்கு பேர். நால்வரும் தலை நரைத்தவர்கள். கதை ஒருவருடையதாகவும், உரையாடல் இன்னொருவருடையதாகவும், படம் மூன்றாமவருடையதாகவும் ஆகிவிடுகிற தொழில் அது. அதை அறிந்துகொண்டு உள்ளே போக வேண்டும்.

இரண்டும் கதை சொல்வதுதானே, என்ன வேறுபாடு என்று கேட்பவர்கள் உண்டு. வேறுபாடு மிகப்பெரிது. புதினம் என்பது முடிந்த பண்டம். நீ எழுதி முடித்த அன்றே அது முழுமை பெற்றுவிட்டது. அச்சேறாவிட்டாலும் அது புதினந்தான். திரைக்கதையோ, வேறொரு பண்டத்தைச் செய்வதற்கான வரைவு. வீடு கட்ட வரைந்த படத்தைப் போன்றது. வீடு எழும்பாவிட்டால் அந்தத் தாளை யாரும் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதில்லை. பெட்டிக்குள் முடங்கிய திரைக்கதைகளைச் சேர்த்தால், சென்னை வடபழனியில் ஒரு தெருவையே நிரப்பலாம்.

எழுதும் முறையும் வேறு. திரைக்கதையில் கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் மட்டுமே எழுதலாம். நம்மவர் பழைய வழக்கம், தாளை நெட்டுக்குக் கோடிட்டு இரண்டாகப் பிரித்து, இடப்புறம் காட்சியையும் வலப்புறம் ஒலியையும் எழுதுவது. ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு மணித்துளி ஓடும் என்பது கணக்கு. இரண்டரை மணி நேரப் படத்திற்கு 150 பக்கம். அறுபதிலிருந்து நூறு காட்சி வரை. “அவன் உள்ளம் நொந்தான்” என்று எழுதினால் இயக்குநர் அடித்துவிடுவார். உள்ளம் நொந்ததைப் படக்கருவி எப்படிப் பார்க்கும்?

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். நெசவாளி ஒருவர் தம் குழித்தறியை விற்கிறார். இதைப் புதினத்தில் எழுதினால், அந்தத் தறியில் அவர் தாத்தா அமர்ந்ததிலிருந்து தொடங்கலாம்; குழிக்குள் காலை இறக்கும்போது படும் மண்ணின் குளிர்ச்சியைச் சொல்லலாம்; வாங்க வந்தவன் விறகு விலைக்குக் கேட்டபோது அவர் நாணியதைச் சொல்லலாம்; பதினைந்து பக்கம் ஓடும். திரைக்கதையில் அத்தனையும் எழுத இடமில்லை. என்ன எழுதலாம்? விற்பதற்கு முந்தின இரவு, அவர் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு அந்தத் தறிக்கு எண்ணெய் விடுகிறார். விடிந்தால் பிரித்து அடுக்கி வண்டியில் ஏற்றப்படப்போகும் தறிக்கு எண்ணெய்! மனைவி வாயிற்படியில் நின்று பார்க்கிறாள். ஒன்றும் பேசவில்லை. முடிந்தது. முப்பது நொடி. இது தாழ்ந்த கலையன்று. இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் திரைக்கதை எழுதப் பிறந்தவன். உனக்கு அந்தப் பதினைந்து பக்கம் இனிக்கிறதா, அந்த எண்ணெய்க் கிண்ணம் இனிக்கிறதா என்று உன்னையே கேட்டுப் பார். ஒரே நிகழ்ச்சியை இரண்டு வகையாகவும் எழுதிப் பார்த்தால் ஒரு கிழமையில் உனக்கே தெரிந்துவிடும். இந்த ஆய்வைச் செய்யாமலே ஊரைவிட்டு வண்டியேறுபவர்கள்தாம் மிகுதி. நானும் அப்படி ஏறியவன்தான்.

என் கதையைச் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது. சுருங்கச் சொல்கிறேன். நானும் நெசவுக் குடியிற் பிறந்தவன். இருபத்தாறாம் அகவையில் நெசவாளர் வாழ்வைப் பற்றிய புதினத்தைத் தொண்ணூறு பக்கம் எழுதி வைத்திருந்தேன். என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தறியைப் பற்றி அவர் வாயில் வராத சொல் இல்லை. பாவு, ஊடை, தார், நாடா என்று நூல்களில் இருக்கும் சொற்களைச் சொல்லவில்லை. விடியற்காலையில் தெருவில் பாவு தோயும்போது, கஞ்சி கூடினால் ஒரு சொல், குறைந்தால் ஒரு சொல். இழை அறுவதிலேயே மூன்று வகை, மூன்றுக்கும் மூன்று பெயர். இப்படி எத்தனையோ. எழுதிக்கொண்டு போகும்போது சொல் நினைவுக்கு வராத இடத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டுவிட்டு மேலே எழுதுவேன். மாலையில் அம்மாவைக் கேட்டு நிரப்பிக்கொள்வேன்.

அந்த நேரத்தில் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. போனேன். நான்கு ஆண்டுகள். சிறிய அறை, குடிக்கூலியைப் பங்கு போட்டுக்கொண்ட ஐவர். பகலெல்லாம் ‘டிஸ்கஷன்’ என்று அவர்கள் வழங்கும் கதைக் கலந்துரையாடல். நான்கு பேர் கதை சொல்வோம், ஐந்தாமவர் குறை சொல்வார். மூன்று படங்களுக்கு உரையாடல் எழுதினேன். இரண்டில் என் பெயர் வரவில்லை. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. எவர்மீதும் குறை சொல்ல இதைக் கூறவில்லை. அவர்களுள் பலர் நல்லவர்கள், எனக்குச் சோறு போட்டவர்கள். எழுத்தில் ஒரு வரி உடன்படிக்கையும் இல்லாமல் வேலை செய்தது என் அறியாமை.

நான்காம் ஆண்டு இறுதியில் ஊரிலிருந்து செய்தி வந்தது: அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது, பேச்சு நின்றுவிட்டது என்று. ஓடி வந்தேன். என்னைப் பார்த்தால் “கண்ணு” என்று மட்டும் சொல்வார். வேறு சொல் வராது. சில நாள் கழித்துப் பெட்டியைத் திறந்து பழைய கையெழுத்துப்படியை எடுத்தேன். தொண்ணூறு பக்கத்தில் ஏழு இடங்களில் வெற்றிடம் விட்டிருந்தேன். அம்மாவின் அருகில் உட்கார்ந்து, அந்த ஏழு இடங்களையும் படித்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது, உதடு அசைந்தது, சொல் வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

அந்தப் புதினத்தைப் பிறகு முடித்தேன், அச்சிட்டேன், பதினோர் ஆண்டுகளில் அறுநூறு படிகள் விற்றன. ஏழு இடங்களுள் நான்கை அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டு நிரப்பினேன். மூன்றில் அகராதிச் சொற்களை இட்டேன். படிப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. எனக்குத் தெரியும்.

இதை நான் ஏன் சொல்கிறேன்? புதினம் காத்திருக்கும், திரைப்பட வாய்ப்புத்தான் காத்திராது என்று எல்லாரும் சொல்வார்கள். தலைகீழான பேச்சு அது. திரைப்படத்துறை நாளையும் அங்கேதான் இருக்கும், தேடிப் போகலாம். நீ எழுதப்போகும் ஊரும், அதன் சொற்களை வைத்திருக்கும் ஆட்களும் இருக்கமாட்டார்கள். திரைப்படத்தில் தறியைக் காட்டினால் போதும். அதன் உறுப்புகளுக்குப் பெயர் வேண்டுவதில்லை. படக்கருவி பொருளைக் காட்டும், சொல்லைக் காப்பாற்றாது. சொல்லைக் காப்பாற்றும் வேலை புதினத்தினுடையது. சொல்லே உயிர் என்று கருதுகிற நம்மைப் போன்றவர்கள் இந்த ஒன்றை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது.

திரைக்கதையில் எழுதிய சொல்லுக்கும் எழுதியவன் உரிமையாளன் அல்லன். நீ “மன்னித்துவிடு” என்று எழுதுவாய், நடிகர் “சாரி” என்பார், இயக்குநர் தலையசைப்பார். படப்பிடிப்பில் தப்பியது குரற்பதிவில் மாறும். அதில் தப்பியது படத்தொகுப்பில் வெட்டுண்ணும். 2006-இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குத் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. உடனே பலகைகளில் தமிழ் மின்னியது; பெயர்ப்பலகையைக் கடந்து உள்ளே போனால் பழைய கலப்படமே. 2017-இல் பொருள்கள், பணிகள் வரி வந்தபோது அந்த வரிமுறையே மாறிவிட்டது. வரிச்சலுகையால் வந்த தமிழ், வரியோடு போகும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

இனி, முன்னோர் பட்டறிவைப் பார்ப்போம். புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-இல் பிறந்தவர். சிறுகதையில் அவருக்கு இணை சொல்ல ஆளில்லை. ‘அன்னை இட்ட தீ’ என்றொரு புதினத்தைத் தொடங்கினார், அது முற்றுப்பெறவில்லை. வறுமை அவரைத் திரைப்படத்துக்கு இழுத்தது. ‘இராசமுக்தி’ என்னும் படத்திற்கு எழுதுவதற்காகப் பூனாவுக்குப் போனார். அங்கே எலும்புருக்கி நோய் முற்றியது. 1948-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அகவை நாற்பத்திரண்டு. அந்தப் படத்தை இன்று யார் பார்க்கிறார்கள்? ஆனால் அவர் எழுதிய ‘சிற்றன்னை’ என்னும் குறும்புதினம் இருந்தது. அவர் மறைந்து முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து, 1979-இல், அதைத் தழுவி மகேந்திரன் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். தமிழில் வந்த சிறந்த படங்களைப் பட்டியலிடுவோர் எவரும் அதை விடுவதில்லை. திரைக்கென்று எழுதியது மறைந்தது. தாளுக்கென்று எழுதியது திரைக்கு வந்தது.

இது தனி நிகழ்ச்சியன்று. உமாசந்திரன் எழுதிய ‘முள்ளும் மலரும்’ கல்கியில் தொடராக வந்த புதினம், 1978-இல் படமானது. நாஞ்சில்நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ 1977-இல் வந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2002-இல், ‘சொல்ல மறந்த கதை’யாகத் திரைக்குப் போனது. பூமணியின் ‘வெக்கை’ 1982-இல் வந்தது. ‘அசுரன்’ 2019-இல் வந்தது. இடையில் முப்பத்தேழு ஆண்டு! பூமணி கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்; இடையில் ‘கருவேலம் பூக்கள்’ என்று தாமே ஒரு படத்தையும் இயக்கினார்; ஆனாலும் 2012-இல் ‘அஞ்ஞாடி’ என்னும் பெரும்புதினத்தை முடித்துத் தந்தார். வேலையை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். பேராசிரியர் மு. வரதராசனாரும் அப்படித்தான். கல்லூரியில் ஊதியம், தம் நூல்களைத் தாமே பதிப்பித்துக்கொண்டார், படமுதலாளி எவர் வாயிலிலும் நிற்கவில்லை. ‘பெற்ற மனம்’ 1960-இல் படமானபோது படத்துறைதான் அவரைத் தேடி வந்தது.

செயகாந்தன் வழி வேறு. ‘உன்னைப் போல் ஒருவன்’ கதையை எழுதினார், தாமே இயக்கினார், பாட்டே இல்லாத படமாக 1965-இல் கொண்டுவந்தார், நடுவணரசின் பரிசும் பெற்றது. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1977-இல் படமானபோது திரைக்கதையையும் தாமே எழுதினார். தம் சொல்லில் பிறர் கைவைக்க அவர் இடங்கொடுக்கவில்லை. அதற்கு அவரைப் போன்ற முரட்டுத் தன்மை வேண்டும். அது எல்லார்க்கும் வாய்க்காது.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. செயமோகனின் கருத்துகள் பலவற்றில் நமக்கு உடன்பாடு இல்லை. ஆயினும், திரைப்படங்களுக்கு எழுதிக்கொண்டே 2014 முதல் 2020 வரை ‘வெண்முரசு’ என்னும் இருபத்தாறு நூல்களை அவர் எழுதி முடித்தார். திரைத்தொழில் புதினத்தைக் கொன்றே தீரும் என்றால் இது நடந்திருக்க முடியாது. ஆனால் அவர் திரைத்துறைக்குள் நுழைந்தபோது ‘விட்டுணுபுரம்’ போன்ற பெரும்புதினங்களை எழுதி முடித்த ஆளாகப் போனார். வெறுங்கையோடு போகவில்லை. இது பெரிய வேறுபாடு.

மேலைநாட்டிலும் இதே கதைதான். இசுகாட்டு பிட்செரால்டு 1937-இல் ஆலிவுட்டுக்குப் போனார். கிழமைக்கு ஆயிரம் தாலர் ஊதியம். அங்கு இருந்த காலத்தில் அவர் பெயர் தாங்கி வந்த படம் ஒன்றே ஒன்று. 1940-இல் நாற்பத்து நான்காம் அகவையில் இறந்தபோது மேசைமேல் முடியாத புதினம் கிடந்தது. வில்லியம் பாக்னரும் அதே ஆலிவுட்டில் எழுதினார். ஆனால் பணம் கிடைத்ததும் மிசிசிப்பியில் உள்ள தம் ஊருக்கே ஒவ்வொரு முறையும் திரும்பினார். 1949-க்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது, அந்த ஊரைப் பற்றிய புதினங்களுக்காக.

வருவாயைப் பற்றிப் பேசாமல் அறிவுரை சொல்பவனை நம்பாதீர்கள். ஆகவே கணக்குச் சொல்கிறேன். புதினத்தின் விலை 300 உரூபா என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர்க்கு வழக்கமாகக் கிடைப்பது பத்து விழுக்காடு. அதாவது படிக்கு 30 உரூபா. ஐந்நூறு படிகள் விற்றால் 15,000. மூன்று ஆண்டு உழைத்து எழுதியிருந்தால் திங்களுக்கு 416 உரூபா. அதுவும் பதிப்பாளர் ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தால்! புதினம் எழுதிப் பிழைக்கலாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். திரையில் வெற்றி பெற்ற ஒருவர்க்கு ஒரே படத்தில் அதைப் போலப் பன்மடங்கு கிடைக்கும். ஆனால் வெற்றி பெறாதவர்க்கு? சுழியம். புதினக்காரன் ஊரில் இருந்து வேறு வேலை பார்த்துக்கொண்டு ஏழையாக இருக்கலாம். திரைக்காக அலைபவன் சென்னையில் இருந்தாக வேண்டும். வேறு வேலை பார்க்க முடியாது. எந்நேரமும் அழைப்பு வரும் என்று காத்திருக்க வேண்டும். இரண்டு வறுமைக்கும் வேறுபாடு உண்டு.

இன்னொன்று. நம் திரையுலகில் கதையைப் பெரும்பாலும் படிப்பதில்லை, கேட்கிறார்கள். இரண்டரை மணி நேரக் கதையைக் கண்ணும் கையும் அசைத்து, அடிபட்டவன்போல் துடித்து, ஒலியெழுப்பிச் சொல்லத் தெரிய வேண்டும். எழுத்தில் புலியாக இருப்பவன் அந்த அறையில் பூனையாகிவிடுவான். என்னோடு இருந்தவர்களுள் எழுத்தே வராத ஒருவர் கதை சொல்வதில் மன்னர், அவர்தான் முன்னேறினார். அதிற் குற்றமும் இல்லை. அந்தத் தொழிலுக்கு அதுவே தகுதி.

போவதென்றே முடிவு செய்தவர்கள் சட்டத்தை அறிந்துகொண்டு போங்கள். வாய்ப்பேச்சால் உரிமை மாறாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தில் இருக்க வேண்டும், கையொப்பம் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாட்டிற்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவிற்கு மட்டுமே. வேறுவகையாக எழுதப்படாத வரையில், உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் உரிமை திரும்பிவிடும். 2012-இல் வந்த திருத்தம் இன்னும் பெரியது: திரையரங்கில் படம் காட்டுவதற்கு அப்பால், தொலைக்காட்சி, இணையவழித்திரை முதலிய வேறு வழிகளில் உன் எழுத்தால் வரும் உரிமைத்தொகையில் உனக்குச் சமப்பங்கு உண்டு, அதை விட்டுக்கொடுத்தேன் என்று உன்னிடம் எழுதி வாங்கினாலும் செல்லாது. நான் எழுதிய நாளில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். வெறுங்கருத்துக்குச் சட்டம் காவலில்லை. 1978-இல் ஆனந்து என்னும் நாடக ஆசிரியர், தம் நாடகத்தைத் திருடிப் படம் எடுத்துவிட்டதாகத் தொடுத்த வழக்கில் உச்ச முறைமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கருத்துக்கு உரிமை இல்லை, அது எழுத்தில் பெற்ற வடிவத்துக்கே உரிமை. வழக்கில் அவர் தோற்றார். தேநீர்க்கடையில் கதை சொன்னவன் எதை வைத்து வழக்காடுவான்? அச்சான புதினம் கையில் இருந்தால் அதில் ஆண்டு இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஒவ்வொரு சொல்லும் இருக்கிறது. அதைவிட வலிய சான்று வேறில்லை.

இப்போது அந்தத் தம்பிக்கு வருகிறேன். தம்பி, நீங்கள் பின்வரிசையில் இருக்கிறீர்கள், பார்த்துவிட்டேன். எழுந்திருக்க வேண்டா. 140 பக்கம் எழுதியவர் நீங்கள். பாதிக் கிணறு தாண்டியவர். அந்த ஊர்க்காரர்க்கு, “ஓராண்டு கழித்து வருகிறேன் அண்ணா” என்று எழுதுங்கள். அவர் நல்லவராயின் காத்திருப்பார். அவர் காத்திராவிட்டால் அந்த வாய்ப்பு அவ்வளவு உறுதியானதன்று என்று பொருள். அந்த ஓராண்டு தறியை விடாதீர்கள். வருவாய்க்கு மட்டும் சொல்லவில்லை, உங்கள் புதினத்திற்கும் அது தேவை. முடித்த பிறகு சென்னைக்குப் போங்கள்; நானே வழியனுப்புகிறேன். எண்ணெய் விடுகிற காட்சி உங்களுக்குத் தானாகத் தோன்றுகிறதென்றால், அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. ஒருவேளை எல்லா ஆய்வையும் செய்துபார்த்து, புதினம் தமக்கு ஒத்துவரவில்லை, படந்தான் வருகிறது என்று கண்டால், நான் சொன்னதைப் புறக்கணித்துவிட்டு இன்றிரவே வண்டியேறினாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஆய்வைச் செய்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் பாட்டி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். எண்பது கடந்தவர் என்றும், இன்னும் இராட்டை சுற்றுகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். கையெழுத்துப்படியில் வெற்றிடம் எங்கெங்கே விட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நாளைக் காலையில் அந்தப் பக்கங்களோடு பாட்டியின் அருகில் போய் உட்காருங்கள். இன்று கூட்டம் முடிந்ததும் முதல் முப்பது பக்கத்தின் படியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். எனக்குப் பத்து மணிக்குத்தான் பேருந்து, அதற்குள் படித்துவிடுவேன்.